புற்றுநோயாளியைக் கவனித்துக்கொள்பவரா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

புற்றுநோயாளியைக் கவனித்துக்கொள்பவருக்கு மன உளைச்சல் வர ஓயாத வேலை ஒரு காரணம்தான். அதைவிட ஆழமாக அவரை வாட்டுவது, நோய் செய்வதற்கெல்லாம் தானே பொறுப்பு என்று நினைத்துக்கொள்வது என்பது என் உறுதியான எண்ணம். இந்த நினைப்பு முதலில் தலைகாட்டும் இடம் சாப்பாட்டுத் தட்டு.

நோயாளி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்துகிறார். முதலில் கெஞ்சுகிறோம், பிறகு அதட்டுகிறோம், கடைசியில் இருவர் கண்ணிலும் நீர். கீமோ என்னும் மருந்துச் சிகிச்சையால் நாக்கில் உலோகச் சுவை தட்டலாம், வாயில் புண் வரலாம். நோய் முற்றும்போது உடலில் சுரக்கும் அழற்சிப் பொருட்கள் பசியையே அடக்கிவிடுகின்றன. அந்த நிலையில் கரைந்துபோகும் தசையைக் கூடுதலாக ஊட்டுவதால் மட்டும் மீட்க முடியாது. ஆகவே மிச்சம் வைத்த சாப்பாட்டை உங்கள் அன்பின் தோல்வியாகவோ அவருடைய பிடிவாதமாகவோ எடுத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். எத்தனை வாய் சாப்பிட்டார் என்று எண்ணாதீர்கள். எடை குறைவது, வாய்ப்புண், குமட்டல், மலச்சிக்கல் ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். இவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு. அதட்டலால் எதுவும் சரியாவதில்லை.

கோபமும் அப்படித்தான். வாந்தியைத் தடுக்கவும் மூளை வீக்கத்தைக் குறைக்கவும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுப்பதுண்டு. அது தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கிளப்பும். எப்போதும் சாந்தமாக இருந்தவர் நள்ளிரவில் சீறினால், அதை உங்கள் மீதுள்ள வெறுப்பு என்று மனத்தில் ஏற்றிக்கொள்வதற்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். எந்த நாட்களில் சீறுகிறார் என்று குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டினால், மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

இரவெல்லாம் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, இதற்குப் போய் மருத்துவமனையைத் தொந்தரவு செய்யலாமா என்று தயங்குவது இன்னொரு தவறு. கீமோ எடுப்பவருக்கு, கிருமிகளை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்பதே அவசரநிலை. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எந்தெந்த அறிகுறிக்கு உடனே அழைக்க வேண்டும், இரவில் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிவெடுக்கும் பாரம் அந்தத் தாளுக்குப் போய்விட்டால் உங்களுக்குத் தூக்கம் வரும்.

"ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்பவரிடம் "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லியனுப்புகிறோம். அவர் மனமாரத்தான் கேட்கிறார். என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள் என்று பல வாரங்கள் நீளும். ஐந்து நாளும் நீங்களேதான் அழைத்துப் போக வேண்டுமா? செவ்வாய்க்கிழமையை ஒருவரிடம் கொடுங்கள். உறவினர்களுக்குச் செய்தி சொல்லும் வேலையை இன்னொருவரிடம் விட்டுவிடுங்கள். ஒரே கதையைப் பத்துப் பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்வதும் களைப்புதான்.

உங்கள் இரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிடுவதும், உங்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் தியாகத்தில் சேராது. அமெரிக்காவில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, 66 முதல் 96 வயது வரையுள்ள தம்பதியரை நான்கு ஆண்டுகள் கவனித்தது. புற்றுநோய்க் குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வு அல்ல அது. துணையைக் கவனித்துக்கொண்டவர்களில் மன அழுத்தத்துக்கு உள்ளானவர்களுக்கு, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. அழுத்தம் இல்லாமல் கவனித்துக்கொண்டவர்களிடம் அந்த அபாயம் கூடவில்லை. இந்த இரண்டாவது செய்தியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சுமையைக் குறைக்க முடிந்தால், ஒருவரைக் கவனித்துக்கொள்வது உங்களை அழிக்க வேண்டியதில்லை.

நோய்த்தணிப்புச் சிகிச்சை என்றதும் பலர் பதறிப்போய், அது கடைசி நாட்களுக்கானது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வலி, மூச்சுத்திணறல், குமட்டல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் அந்தக் குழு, புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும்போதே கூட இருக்கலாம். அதன் அக்கறை குடும்பத்தினரையும் சேர்த்ததுதான். முற்றிய புற்றுநோய் உள்ளவர்களின் குடும்பத்தினருக்குச் செவிலியர்கள் தொலைபேசி வழியாக ஆதரவளித்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. அந்த ஆதரவைத் தொடக்கத்திலேயே பெற்றவர்களிடம், மூன்று மாதம் கழித்துப் பெற்றவர்களைவிட மனச்சோர்வு குறைவாக இருந்தது. ஆகவே மருத்துவர் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூங்க முடியாமல், காரணமின்றி அழுகை வந்துகொண்டிருந்தால் உங்களுக்கே மருத்துவர் தேவை. சாவு பற்றிய எண்ணமோ, நோயாளியை அடித்துவிடுவோமோ என்ற பயமோ வந்தால், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பதும் தவறுதான். அதுவரை ஓடியவர் அப்போதுதான் உட்காருகிறார். அடக்கிவைத்த அச்சமெல்லாம் அப்போதுதான் மேலே வருகிறது. அடுத்த ஸ்கேன் நெருங்கும் நாட்களும், அதன் முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்களும் மிகவும் கடினமானவை. செவ்வாய்க்கிழமைகளில் வந்துகொண்டிருந்தவரை உடனே அனுப்பிவிடாதீர்கள். முதல் சில பரிசோதனைகள் முடியும்வரை அவர் வந்துகொண்டிருக்கட்டும்.