புவேர்ட்டோ ரிக்கோ பள்ளியில் டீச்சிங் பிராக்டிஸ் முடிப்பது எப்படி?

அமெரிக்காவில் ஆசிரியர் படிப்பு படிக்கிறவர்களுக்குக் கடைசி செமஸ்டரில் டீச்சிங் பிராக்டிஸ் கட்டாயம். சில பல்கலைக்கழகங்கள் அதைக் கரீபியன் பகுதியில் அமெரிக்காவுக்குச் சொந்தமான தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் செய்யவும் விடுகின்றன. அங்கே ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலப் பாடத்துக்குப் பயிற்சி ஆசிரியையாக இருந்து முடித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கல்லூரி விண்ணப்பம், விமான டிக்கெட் பற்றியெல்லாம் இங்கே எதுவும் இல்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: குடிவரவு விஷயத்தை முடியுங்கள்

1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்ட தீவு இது. பேச்சு ஸ்பானிஷ், பணம் டாலர். குடிவரவுச் சட்டப்படி அமெரிக்காவுக்குள்ளேயே அடக்கம். எஃப்-1 விசாவில் (வெளிநாட்டு மாணவர் விசா) படிப்பவர்களுக்கு இதுதான் பெரிய வசதி. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தாலும் போய் வரலாம், ஏனென்றால் நீங்கள் நாட்டை விட்டு வெளியே போகவே இல்லை. பக்கத்துத் தீவில் இருக்கும் டொமினிக்கன் குடியரசுக்குப் போனால் கதை வேறு, அங்கே ஒரு செமஸ்டர் தங்கிவிட்டுத் திரும்ப செல்லுபடியாகும் விசா வேண்டும். எப்படியானாலும் பாஸ்போர்ட்டும் பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவமும் கைப்பையிலேயே இருக்கட்டும். முகவரி மாறியதை 10 நாளுக்குள் உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சம்பளமில்லாத பயிற்சிதானே என்று விடாமல், சிபிடி (படிப்பின் பகுதியாக வேலைப் பயிற்சி செய்வதற்கான அனுமதி) தேவையா இல்லையா என்பதையும் அவர்களிடமே எழுத்தில் வாங்குங்கள்.

படி 2: ஜனவரி செமஸ்டரைக் கேளுங்கள்

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. மரியா புயல் தாக்கியது 2017 செப்டம்பர் 20, ஃபியோனா 2022 செப்டம்பர் 18. இரண்டுமே பள்ளி திறந்து கொஞ்ச நாளில் வந்தவை. ஆசிரியர் உரிமம் தரும் மாநிலம் இத்தனை வாரம் வகுப்பறையில் இருக்க வேண்டும் என்று கணக்குக் கேட்கும், புயலுக்குப் பள்ளி மூடியிருந்தது என்றால் அந்தக் கணக்கு துண்டு விழும். ஜனவரி 6இல் வரும் மூன்று ராஜாக்கள் என்ற கிறிஸ்தவப் பண்டிகை முடிந்த பிறகுதான் அங்கே பள்ளி மறுபடி சூடு பிடிக்கும், உங்கள் கல்லூரி நாட்காட்டியோடும் ஓரளவு ஒத்துவரும். ஜனவரியும் முழுப் பாதுகாப்பு இல்லைதான். 2020 ஜனவரி 7இல் 6.4 அளவு நிலநடுக்கம் வந்து, கட்டடங்களைப் பரிசோதிக்கும்வரை பள்ளிகள் திறக்கவில்லை. நாட்கள் குறைந்தால் எப்படி ஈடுகட்டுவது என்று கிளம்பும் முன்பே கல்லூரியிடம் கேட்டுவிடுங்கள்.

படி 3: சான்றிதழ்கள் (இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்)

குழந்தைகள் இருக்கும் இடத்தில் நுழைய உங்கள் மாநிலத்துக் காவல்துறைச் சான்று மட்டும் போதாது. தீவின் குற்றப் பதிவுச் சான்று வேண்டும், 1999ஆம் ஆண்டின் 300ஆம் எண் சட்டப்படி தரப்படும் பின்னணிச் சரிபார்ப்புச் சான்று ஒன்றும் வேண்டும். அங்கே எல்லாரும் அதை 'லெய் 300' (லெய் என்றால் சட்டம்) என்றுதான் சொல்வார்கள். பல பள்ளிகள் மருத்துவச் சான்றும் கேட்கும். சில விண்ணப்பங்களில் வருவாய் முத்திரை ஒட்ட வேண்டியிருக்கும், நம்ம ஊர் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் மாதிரி. எந்தக் காகிதத்துக்கு எவ்வளவு என்று விசாரித்து முத்திரையை முதலில் வாங்கிக்கொண்டு வரிசையில் நில்லுங்கள்.

இனி முக்கியமான சிக்கல்: பெயர். அங்கே எல்லாருக்கும் இரண்டு குடும்பப் பெயர், முதலாவது அப்பா வழி, இரண்டாவது அம்மா வழி. படிவத்திலும் இரண்டு கட்டம். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது, ஒரு இனிஷியலும் அதன் விரிவாக அப்பா பெயரும்தான். என் விஷயத்தில் ஒரு அலுவலகம் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்தது. இன்னொன்று என் பெயரையே குடும்பப் பெயராக்கி, அப்பா பெயரை முன்னால் போட்டுவிட்டது. இரண்டு சான்றிதழையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு ஆள். பள்ளி ஏற்றுக்கொள்ளவில்லை, மறுபடி முதலிலிருந்து.

தீர்வு இதுதான். பாஸ்போர்ட்டின் பெயர்ப் பக்கத்தைப் பெரிதாக நகலெடுத்து, எது பெயர், எது குடும்பப் பெயர் என்று ஸ்பானிஷில் குறித்து, படிவத்தோடு சேர்த்தே கொடுங்கள். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடுங்கள். கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று அம்மா பெயரை எழுதாதீர்கள், அது வேறு எந்த ஆவணத்திலும் இருக்காது. அச்சாகி வந்த காகிதத்தை கவுண்டரை விட்டு நகரும் முன் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். விசாவில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்திருப்பவர்கள், இவர் இன்னார்தான் என்று பல்கலைக்கழகத்திடமிருந்து ஒரு கடிதமும் வாங்கிக்கொள்வது நல்லது.

(பின்சேர்க்கை: சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆன்லைன் படிவம் அந்த இடத்தில் நகர மறுத்தால் பாஸ்போர்ட்டோடு நேரில் போங்கள், காலையில் சீக்கிரமே.)

படி 4: தங்குமிடம்

பள்ளி சான் ஹுவான் பகுதியில் கிடைத்தால் ரியோ பியெத்ராஸில் புவேர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தைச் சுற்றி மாணவர் விடுதி அறைகள் தேடுங்கள், ட்ரென் உர்பானோ ரயில் அந்த வழியாகப் போகிறது. மற்ற ஊர் என்றால் கார் இல்லாமல் கஷ்டம். சாலைப் பலகையில் தூரம் கிலோமீட்டரில் இருக்கும், வேக வரம்பு மைலில் இருக்கும், பெட்ரோல் லிட்டரில் விற்பார்கள். கணக்குப் பாடம் எடுப்பவர்களுக்கு வாரக்கணக்கில் வார்த்தைக் கணக்குகள் தயார்.

படி 5: வகுப்பறை

அரசுப் பள்ளியில் எல்லாப் பாடமும் ஸ்பானிஷில், ஆங்கிலம் ஒரு பாடம் மட்டுமே. அமெரிக்கா வந்த பிறகு பல பத்தாண்டுகள் ஆங்கிலத்தைப் பயிற்று மொழியாக்கப் பார்த்தார்கள். 1949இல் கல்வி ஆணையர் மரியானோ வியாரோங்காதான் ஸ்பானிஷுக்குத் திருப்பினார். ஆகையால் ஆங்கிலம் இல்லாமல் முன்னேற முடியாது என்கிற பேச்சையெல்லாம் ஆசிரியர் அறையில் எடுக்காதீர்கள். நீங்கள் வருவதற்கு முன்பே அவர்கள் அதை நிறையக் கேட்டுவிட்டார்கள்.

தீவு முழுவதற்கும் ஒரே கல்வித் துறை, ஒரே பாடத்திட்ட வரைபடம். 'மாப்பா குர்ரிகுலார்' என்பார்கள். உங்கள் கல்லூரி தந்த பாடத்திட்ட மாதிரியை ஓரமாக வைத்துவிட்டு, அந்த வரைபடத்தில் நடப்பு அலகு எது என்று வழிகாட்டி ஆசிரியையிடம் முதல் வாரமே கேளுங்கள். கல்லூரிக்கு வேண்டிய தலைப்புகளை அதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம். தலைகீழாகச் செய்தால் இரட்டை வேலை.

ஒரே வகுப்பில் ஒர்லாண்டோவிலோ நியூயார்க்கிலோ சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய பிள்ளை சரளமாக ஆங்கிலம் பேசும், பக்கத்துப் பிள்ளை நிறங்களின் பெயரில் நிற்கும். முன்னதை மொழிபெயர்ப்பாளராக்கி நாள் முழுக்க வேலை வாங்காதீர்கள், பாவம். பிள்ளைகள் உங்களை 'மிஸ்ஸி' என்பார்கள், ஆண் என்றால் 'மிஸ்டர்'. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று மாற்ற முயல வேண்டாம்.

மதிய உணவு பள்ளியிலேயே. சோறும் பீன்ஸும்தான் பெரும்பாலும், நமக்கு ஒத்துப்போகும். ஆனால் சைவர்கள் கவனிக்க: பீன்ஸில் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பது அங்கே சகஜம். சமையல்காரரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

படி 6: வீடியோவும் மின்சாரமும்

கல்லூரி மேற்பார்வையாளர் கூடவே வர மாட்டார், பாடத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார். பல வகுப்புகளில் கண்ணாடி ஜன்னல் கிடையாது, தகட்டுப் பட்டை ஜன்னல்தான். தெருச் சத்தம், மின்விசிறிச் சத்தம் எல்லாம் சேர்ந்து உங்கள் குரலை விழுங்கிவிடும். விலை உயர்ந்த கேமரா வேண்டாம். ஃபோன் போதும், சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள், அதுதான் உருப்படியான செலவு. பெற்றோர் அனுமதிப் படிவத்தை ஸ்பானிஷிலும் தயாரித்து, பள்ளி முதல்வரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே வீட்டுக்கு அனுப்புங்கள்.

கரன்ட் போகும். முன்னறிவிப்பில்லாமல் போகும். ஸ்லைடு தயாரித்து அதை மட்டுமே நம்பி வகுப்புக்குள் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். படம் போட்ட அட்டைகள், சிறிய வெள்ளைப் பலகைகள், அச்சடித்த வாசிப்புத் தாள் இருந்தால் எதுவும் நிற்காது. கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஸ்பானிஷைத் தரவிறக்கி வையுங்கள், அலுவலகக் காத்திருப்புக்கு அது உதவும். தனிச் சொல்லுக்கு ஸ்பானிஷ்டிக்ட் என்ற ஆன்லைன் அகராதிதான் என் தேர்வு, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் நன்றாக இருக்கின்றன.

படி 7: கையெழுத்துகள்

மே மாதம் தேர்வு, பட்டமளிப்பு, விழா என்று பள்ளி தலைகீழாக இருக்கும். மணிக்கணக்குத் தாளில் வழிகாட்டி ஆசிரியையின் கையெழுத்தை வாராவாரம் வாங்குங்கள், முதல்வரின் முத்திரையை ஏப்ரலிலேயே கேட்டு வையுங்கள்.

(இன்னொரு பின்சேர்க்கை: திரும்பும்போது சான் ஹுவான் விமான நிலையத்தில் வேளாண் துறை எல்லாப் பெட்டியையும் ஸ்கேன் செய்யும். பிள்ளைகள் அன்பாகக் கொடுத்தனுப்பும் மாம்பழத்தைக் கொண்டுபோக விட மாட்டார்கள். ஊரிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.)