நார்வே மூதாதையரைத் தேடும்போது குடும்பப் பெயர் கைகொடுக்காது

நார்வே வம்சாவளி அமெரிக்கர்கள் தங்கள் வேர்களைத் தேடக் கிளம்பினால் முதலில் செய்வது, கொள்ளுத்தாத்தாவின் குடும்பப் பெயரை இணையத்தில் தட்டுவதுதான். 'ஹான்சன்' என்று தட்டினால் ஆயிரக்கணக்கான பேர் வந்து கொட்டுவார்கள். அதில் சொந்தக்காரர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது.

1923-ல் சட்டம் வரும்வரை நார்வேயில் நிலையான குடும்பப் பெயர் கட்டாயமில்லை. ஓலேயின் மகன் ஹான்ஸ் என்றால் அவர் ஹான்ஸ் ஓல்சன். அவருடைய மகனுக்குப் 'பேர்' (Per) என்று வைத்தால் அவன் பேர் ஹான்சன், மகள் மாரி ஹான்ஸ்டாட்டர். அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் நமக்கு இது சட்டென்று பிடிபடும். தவிப்பதெல்லாம் மினசோட்டாவில் பிறந்த பேரப்பிள்ளைகள்தான். கிராமத்துப் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா பெயரோடுதான் இருந்தாள். கணவர் பெயரில் அவளைத் தேடினால் பழைய பதிவேடுகளில் கிடைக்கமாட்டாள்.

கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பண்ணைப் பெயரும் ஆளை ஏமாற்றும். 'பேர் ஹான்சன் ஹௌகன்' என்பதில் ஹௌகன் என்பது மேடு என்று பொருள்படும் பண்ணைப் பெயர். அது கிட்டத்தட்ட முகவரிதான். பண்ணை மாறினால் பெயரும் மாறும். மனைவி வீட்டுப் பண்ணைக்குக் குடிபோன ஆண் அந்தப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வார். மேடு இல்லாத ஊர் ஏது? நார்வே முழுக்க ஹௌகன்கள் இருக்கின்றன. எந்தத் திருச்சபை வட்டாரத்து ஹௌகன் என்று தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

அந்தப் பெயர் இருப்பதாலேயே பண்ணை தாத்தாவுடையது என்று நினைத்துவிடவும் கூடாது. பண்ணையின் ஓரத்தில் ஒரு குடிசையும் துண்டு நிலமும் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அங்கே வேலை செய்த 'ஹுஸ்மன்' குடும்பங்களுக்கும் அதே பெயர் வழங்கியது. கப்பலேறியவர்களில் இவர்கள் நிறைய. கடல்தாண்டி வந்து பெரிய வீட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை, பாவம்.

எனக்குப் பிடித்த சிக்கல் ஒன்று உண்டு. ஒரே வீட்டில் இரண்டு ஓலேக்கள், இருவரும் உயிரோடு. எழுத்தர் பிழை என்று ஒருவரை அடித்துவிடாதீர்கள். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்பது வழக்கம். இரண்டு தாத்தாக்களும் ஓலே என்றால் வேறென்ன செய்வது? விதவை மறுமணம் செய்தால், அடுத்துப் பிறக்கும் முதல் மகனுக்கு இறந்த கணவரின் பெயரை வைப்பார்கள். அந்தப் பெயரைப் பார்த்தாலே முதல் கல்யாணம் ஒன்று இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டு போடும்போதும் கவனம் தேவை. 1865 கணக்கெடுப்பில் நடப்பு வயதையும் சேர்த்து எழுதினார்கள். 30 என்று இருந்தால் 29 முடிந்தவர். எழுத்துகளும் மாறியிருக்கின்றன: இன்று 'ஓ' போல ஒலிக்கும், தலையில் வட்டமிட்ட 'ஏ'யை (å) அன்று இரட்டை 'ஏ'யாக (aa) எழுதினார்கள். ஆஸ்லோ 1925 வரை கிறிஸ்டியானியா.

அமெரிக்கப் பக்கம், நியூயார்க்கில் வந்திறங்கிய குடியேறிகளைப் பதிவுசெய்த எல்லிஸ் தீவின் பதிவேடுகளை மட்டும் புரட்டுவது இன்னொரு வீண்வேலை. அது திறந்தது 1892-ல். 1850-களில் போன நார்வேக்காரர்களில் பெரும்பாலோர் கனடாவின் கியூபெக்கில் இறங்கி உள்ளே போனார்கள். 'பிறந்த ஊர் பெர்கன்' என்று கல்லறையில் இருந்தாலும் அப்படியே நம்பவேண்டாம். கப்பலேறிய துறைமுகமாகவும் இருக்கலாம், பெர்கன் மறைமாவட்டத்தின் ஏதோ ஒரு மூலையாகவும் இருக்கலாம்.

அதனால் முதலில் அமெரிக்காவில் அந்த மூதாதையர் சேர்ந்த நார்வீஜிய லூத்தரன் சபையின் பதிவேட்டைத் தேடுங்கள். பிறந்த பண்ணையும் திருச்சபையும் அதில் இருக்க நல்ல வாய்ப்புண்டு. அது கிடைத்ததும் நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஜிட்டல்ஆர்கிவெட்' தளத்துக்குப் போகலாம், காசு கிடையாது. அங்கே உறுதிபூசுதல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்ததும் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பதிவில் ஒரே வரியில் பெற்றோர் பெயர், பண்ணை, பிறந்த நாள், பல இடங்களில் அம்மைத் தடுப்பூசி போட்ட தேதிகூட கிடைக்கும். சில பக்கங்கள் தள்ளி, திருச்சபை வட்டாரத்தைவிட்டு வெளியேறியோர் பட்டியலில் பாதிரியாரின் கோணல் கையெழுத்தில் அவர் பெயர், அதற்கு எதிரே போகுமிடம்: அமெரிக்கா.