முதுமை ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களை வாரம் ஒரு கட்டுரை படித்து விளக்கச் சொல்வோம். ஒவ்வொரு அணியும் அதே குழிகளில்தான் விழுகிறது. எல்லாம் நாங்கள் விழுந்து எழுந்தவைதான். எலியில் பலித்ததெல்லாம் மனிதரிடம் பலிக்காது, செய்தித் தலைப்பை அப்படியே நம்பாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும்.

கன்ட்ரோல் எலிகள் எத்தனை நாள் வாழ்ந்தன என்று பார்க்காமல் விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

ஒரு மாணவர் உற்சாகமாக வருவார். "மருந்து கொடுத்த எலிகள் இவ்வளவு சதவீதம் கூடுதலாக வாழ்ந்திருக்கின்றன சார்!" எதைவிட என்று கேட்பேன். கன்ட்ரோலைவிட, அதாவது ஒப்பிடுவதற்காக மருந்து கொடுக்காமல் வளர்த்த எலிகளைவிட என்பார். சரி, கன்ட்ரோல் எத்தனை நாள் வாழ்ந்தது? அப்போதுதான் தாளைப் புரட்டத் தொடங்குவார்.

ஒரு கணக்குப் போடுவோம். கன்ட்ரோல் எலிகளில் பாதி 700 நாளுக்குள் செத்துவிட்டன, மருந்து தின்றவற்றில் பாதி 850 நாள் தாண்டின என்று வையுங்கள். 21 சதவீத நீட்டிப்பு, கேட்கப் பிரமாதம். ஆனால் நன்றாகப் பராமரித்த சாதாரண ஆய்வக எலிகளே மருந்து எதுவும் இல்லாமல் 900 நாள் வாழும். அப்படியென்றால் அந்த மருந்து ஆயுளை நீட்டவில்லை. ஏதோ ஒன்று கன்ட்ரோல் எலிகளைச் சீக்கிரம் கொன்றிருக்கிறது, மருந்து அதில் கொஞ்சத்தை ஈடுகட்டியிருக்கிறது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. இதனால்தான் கன்ட்ரோல் 900 நாளை நெருங்காத ஆய்வைச் சந்தேகத்தோடு படி என்று இத்துறையில் ஒரு விதியே முன்வைத்திருக்கிறார்கள்.

கன்ட்ரோல் எலிகள் ஏன் சீக்கிரம் சாகின்றன? கூண்டறையில் தொற்று இருக்கலாம். ஆண் எலிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறியிருக்கலாம். நாள் முழுக்கத் தீனி கிடைத்துக் கொழுத்திருக்கலாம். இந்தக் கடைசிக் காரணம்தான் மோசமானது. மருந்து கசப்பாக இருந்தால் அதைக் கலந்த தீனியை எலி குறைவாகத் தின்னும், எடை குறையும், அதனாலேயே கூடுதலாக வாழும். பெயர் மட்டும் மருந்துக்குப் போகும். இரு குழுக்களின் உடல் எடை வரைபடம் இல்லாத ஆயுட்காலக் கட்டுரையை நான் மேலே படிப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குழு இப்படிப்பட்ட ஒரு முடிவை நம்பி, அதே மருந்தோடு சொந்தச் சோதனையைத் தொடங்கியது. எலியின் ஆயுள் சோதனை என்றால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். கூண்டு, தீனி, ஆள் எல்லாவற்றுக்கும் பணம். அவர்களுடைய கன்ட்ரோல் எலிகள் நன்றாகவே வாழ்ந்தன. வித்தியாசம் பூஜ்யம். முதல் கட்டுரையின் ஒரே ஒரு படத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தால் போதும்.

குரங்கிலும் இதே கதைதான். கலோரியைக் குறைத்த ரீசஸ் குரங்குகளில் முதுமை சார்ந்த சாவு குறைந்தது என்று 2009இல் விஸ்கான்சின் குழு சொன்னது. 2012இல் அமெரிக்க தேசிய முதுமை நிறுவனத்தின் குழு, ஆயுள் கூடவில்லை என்றது. விஸ்கான்சினின் கன்ட்ரோல் குரங்குகள் சர்க்கரை மிகுந்த தீனியை இஷ்டம்போல் தின்றன. மற்ற இடத்தில் கன்ட்ரோலுக்கும் அளந்தே போட்டார்கள். 2017இல் இரு குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிய கட்டுரையைப் புதியவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதே தேசிய முதுமை நிறுவனம் நடத்தும் ஐடிபி என்ற மருந்துச் சோதனைத் திட்டத்தைப் பாருங்கள். மரபணுக் கலவை கொண்ட எலிகள், மூன்று வெவ்வேறு ஆய்வகங்கள், ஒரே சமயத்தில் ஒரே சோதனை. ராபமைசின் என்ற மருந்தைத் தீனியில் கெடாமல் கலக்க வழி கண்டுபிடிப்பதற்குள் எலிகளுக்கு 600 நாள் ஆகிவிட்டது. கிழட்டு எலிகளுக்குத்தான் கொடுத்தார்கள். அப்படியும் மூன்று இடத்திலும் ஆயுள் நீண்டது. 2009இல் முடிவு வெளியானது. பெரிய ஆரவாரத்தோடு வந்த ரெஸ்வெரட்ரால் என்ற திராட்சைச் சத்து அதே திட்டத்தில் தேறவில்லை.

ஆணையும் பெண்ணையும் சேர்த்து ஒரே கோடாக வரைவது

17-ஆல்ஃபா எஸ்ட்ராடியால் என்ற ஹார்மோன் வகை மருந்து ஆண் எலிக்கு மட்டும்தான் ஆயுளைக் கூட்டியது. ஆயுள் வரைபடத்தை இரண்டுக்கும் தனித்தனியாக வரையுங்கள்.

வயது வித்தியாசத்தை வயதாவதோடு குழப்புவது

இன்று 30 வயதுக்காரரின் ரத்தத்தையும் 70 வயதுக்காரரின் ரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டால் தெரிவது இரண்டு தலைமுறைகளின் வித்தியாசமாகவும் இருக்கலாம். வயதாக ஆக ரத்தத்தில் டாரின் என்ற அமினோ அமிலம் குறைகிறது என்று 2023இல் ஒரு கட்டுரை வந்ததும் டாரின் மாத்திரை பற்றியே பேச்சு. 2025இல் இன்னொரு குழு, அதே ஆட்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த மாதிரிகளையும் அளந்தது. டாரின் பெரும்பாலும் குறையவில்லை. மாறாமல் இருந்தது, அல்லது கூடியது. எலிகளின் ஆயுளை டாரின் நீட்டியதை இது பொய்யாக்கவில்லை. ரத்தத்தில் டாரின் குறைந்தால் முதுமை என்று படிப்பதுதான் ஆட்டம் கண்டது.

எபிஜெனிடிக் கடிகாரத்தை வெப்பமானி என்று நினைப்பது

ஹார்வத் என்ற ஆய்வாளர் 2013இல் டிஎன்ஏவின் 353 இடங்களில் உள்ள மெத்தில் என்ற வேதிக் குறிகளை வைத்து வயதைக் கணித்தது பெரிய வேலைதான். இப்படிக் கணிப்பதைத்தான் எபிஜெனிடிக் கடிகாரம் என்கிறார்கள். ஆனால் ஒரே மாதிரியை இரண்டு முறை அளந்தால் சில கடிகாரங்கள் 9 ஆண்டுவரை வித்தியாசம் காட்டும் என்று 2022இல் காட்டினார்கள். இந்த இரைச்சலைக் குறைக்கும் கணக்கு முறையையும் அதே கட்டுரையில் கொடுத்தார்கள். அதன்பிறகும் "மாத்திரை தின்றேன், மூன்று வயது குறைந்தது" என்று வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மாத்திரைக்கு முன்னால் எத்தனை முறை அளந்தீர்கள்?

வெளியேறியவர்களை மறப்பது

மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையை எடுக்கும் நோயாளிகள் நீரிழிவே இல்லாதவர்களைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்றது 2014இல் வந்த பிரிட்டன் ஆய்வு. நோய் முற்றி வேறு மருந்துக்கு மாறியவர்கள் அதோடு கணக்கிலிருந்து போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் தேறியவர்கள். 2022இல் டென்மார்க் தரவில் பார்த்தபோது அந்த நன்மை நிற்கவில்லை.

சதவீதம்

அல்சைமர் நோயின் வேகத்தை லெகனெமாப் என்ற மருந்து 27 சதவீதம் குறைத்தது. அதே 18 மாதச் சோதனையின் அதே முடிவு, 18 புள்ளி அளவுகோலில் 0.45 புள்ளி வித்தியாசம்தான்.