நாலடி எழும்பி விழுந்த ராக்கெட்டைப் பள்ளிக் கண்காட்சியில் விளக்குவது எப்படி?

நம்ம டெல்டா பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி என்றால் எரிமலையும் காற்றாலையும்தான் வருஷா வருஷம் வருகின்றன. இந்தத் தடவை விழுந்த ராக்கெட் ஒன்றை வைத்துப் பாருங்கள். பெயர் வான்கார்டு டிவி3, இடம் அமெரிக்காவின் கேப் கனாவரல், நாள் 1957 டிசம்பர் 6, நம்ம நேரப்படி இரவு 10.14. கிளம்பிய இரண்டு நொடியில் உந்துவிசை போய், சுமார் நாலடி எழும்பிய ராக்கெட் அப்படியே கீழே உட்கார்ந்து வெடித்தது.

முதலில் சுவரில் நாலடி உயரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். ராக்கெட்டின் உயரம் 22 மீட்டர், நல்ல நெட்டைத் தென்னை மரம் அளவு. பக்கத்தில் ஒரு பிள்ளையை நிற்க வைத்தால் எவ்வளவு எழும்பியது என்பது சொல்லாமலே புரியும்.

அந்த ராக்கெட் சுமந்த செயற்கைக்கோளுக்கு ஒரு பம்ப்ளிமாஸ் போதும், சுற்றிலும் ஆறு குடைக்கம்பி செருகினால் ஆன்டெனா. எடை ஒன்றரை கிலோகூட இல்லை. இரண்டு மாதம் முன்பு ரஷ்யா அனுப்பிய உலகின் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் 83.6 கிலோ, அதாவது கொள்முதல் நிலையத்தில் பிடிக்கிற 40 கிலோ சிப்பம் இரண்டுக்கும் கொஞ்சம் மேலே. இந்த ஒப்பீட்டைச் சொன்னதும் பிள்ளைகள் சிரிப்பார்கள், நான் முதல் தடவை சொன்னபோது கதை அந்தச் சிரிப்போடு நின்றுவிட்டது. அதனால் கையோடு இதையும் சொல்லிவிடுங்கள்: அது ஒரு சோதனை ராக்கெட், மூன்று அடுக்கும் சேர்ந்து பறக்க வேண்டிய முதல் முயற்சி. ஸ்புட்னிக் போன பிறகு உலகமே வந்து பார்த்ததால்தான் அது தேசத்தின் மானப் பிரச்சினை ஆனது, பத்திரிகைகள் ‘ஃப்ளாப்னிக்’ என்று பெயர் வைத்தன.

இனி ஏன் விழுந்தது என்பது, இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். நம்ம பிள்ளைகளுக்கு மடை தெரியும். வாய்க்காலில் தண்ணீர் வயலைவிடத் தாழ்ந்து கிடக்கும்போது மடையைத் திறந்தால், வயல் தண்ணீர் வாய்க்காலுக்குத் திரும்பி ஓடும் இல்லையா? கிட்டத்தட்ட அதுவேதான் அங்கே நடந்தது. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிகிற அறைக்குள் எரிபொருள் போக வேண்டுமானால், அறைக்குள் இருப்பதைவிடக் கூடுதல் அழுத்தம் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். அன்றைக்குத் தொட்டியில் அழுத்தம் குறைந்துபோய், சூடான வாயு எரிபொருள் வழிக்குள் எதிர்த்து ஏறிவிட்டது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

இதைச் செய்து காட்ட அடி வெட்டிய இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு புது சலைன் டியூப், கொஞ்சம் எம்-சீல். டியூபில் சொட்டு விழும் குடுவையை வெட்டிவிட்டு உருளை உள்ள பகுதியை மட்டும் எடுத்து, இரண்டு மூடியிலும் ஓட்டை போட்டுச் செருகி ஒட்டுங்கள். பாட்டில்களைத் தலைகீழாகப் பிடித்து ஒன்றில் சிவப்புத் தண்ணீர், அதுதான் எரியும் அறை, மற்றதில் வெறும் தண்ணீர், அது தொட்டி. டியூபில் காற்று தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தங்கினால் எதுவும் நகராது. தொட்டியை உயரத்தில் பிடித்து உருளையைத் திறந்தால் தண்ணீர் ஒழுங்காக அறைக்குப் போகும். அப்புறம் தொட்டியை அறையைவிட ஒரு சாண் கீழே இறக்கித் திறங்கள், சிவப்பு தொட்டிக்குள் ஏறும். பாட்டிலைப் பிள்ளைகள் கையிலேயே கொடுங்கள், நீங்கள் பிடிக்க வேண்டாம்.

1958 மார்ச் 17 அன்று இதே அளவிலான வான்கார்டு 1 செயற்கைக்கோள் மேலே போய்ச் சேர்ந்தது, இன்னும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை ஒரு அட்டையில் எழுதி மாட்டினால் போதும்.

ஒரு சின்ன பஸ்ஸரை பேட்டரியோடு மேஜைக்கு அடியில், ராக்கெட் மாதிரியிலிருந்து தள்ளி, ஆரம்பத்திலேயே ஓட விட்டுவிடுங்கள். எப்படியும் ஒரு பிள்ளை “என்ன சார் சத்தம்?” என்று குனிந்து தேடும். அப்போது சொல்லுங்கள்: வெடிப்பில் தூக்கி எறியப்பட்ட அந்தச் சின்ன உருண்டை, ராக்கெட் எரிந்து முடிந்த பிறகும் தரையில் கிடந்தபடி சிக்னல் அனுப்பிக்கொண்டே இருந்தது.