சின்ன அலுவலகத்துக்கு டவர் சேர்வரா, றாக் சேர்வரா?

டவர் சேர்வர் மேசைக் கணினிப் பெட்டி போல நிமிர்ந்து நிற்கும். றாக் சேர்வர், றாக் எனும் இரும்புச் சட்டத்தில் படுக்கையாக ஏறும். ஒன்று இரண்டு சேர்வரோடு வேலை முடியுமென்றால் டவரையே வாங்குங்கள். விலை கேட்கும்போதே, பிற்காலத்தில் அதைப் படுக்கவைத்து றாக்கில் ஏற்றும் றெயில் கிற் (தாங்கும் தண்டவாளங்கள்) அந்த மொடலுக்கு உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

1யூ என்ற, றாக்கில் ஒரு தட்டு அளவே பிடிக்கும் சேர்வரின் உயரம் 44 மில்லிமீற்றர்தான். அதற்குள் 40 மி.மீ. விசிறிகளே அடங்கும், சூட்டை வெளியேற்ற அவை நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலும் ஓடும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், அந்த இரைச்சலில் பக்கத்து மேசையில் இருந்து போன் பேச முடியாது. டவரில் 92 அல்லது 120 மி.மீ. விசிறி மெதுவாகச் சுற்றியே அதே வேலையைச் செய்துவிடும்.

பலர் ஏமாறுவது ஆழத்தில். சுவரில் பூட்டும் நெற்வேர்க் பெட்டி பெரும்பாலும் 45 அல்லது 60 செ.மீ. ஆழம், பல றாக் சேர்வர்களோ 70 செ.மீ.க்கு மேல் நீளும். 100 செ.மீ. ஆழமான றாக்கின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் பாருங்கள்.

டவரை நிலத்தில் வைக்காதீர்கள். 15 செ.மீ. உயரப் பலகை, பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி: புழுதியும் ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீரும் எட்டாது. எதை வாங்கினாலும் யூபிஎஸ் (கரண்ட் போனால் பற்றரியில் மின்சாரம் தரும் பெட்டி) தூய சைன் அலை, அதாவது வீட்டுக் கரண்ட் போல் சீரான அலை, தருவதாக இருக்கட்டும். அந்த அலை தராத மலிவான யூபிஎஸ்ஸில் கரண்ட் போன நொடியே சில சேர்வர் பவர் சப்ளைகள் நின்றுவிடும்.

மூன்றுக்கு மேல் சேர்வர் வருமென்றால், அல்லது ஏசி போட்ட தனி அறையில் ஆழமான றாக் ஏற்கெனவே இருந்தால், றாக் சேர்வரே சரி.