கல்யாண உடைக்கு நிறம் பொருத்த ஒரு துணித்துண்டு போதும்

கல்யாண உடைக்குப் பொருத்தமாகப் பூ, நகை, செருப்பு வாங்கப் போகும்போது போனில் எடுத்த படத்தை நம்பாதீர்கள். தைத்து மிஞ்சிய துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக் கையோடு எடுத்துப் போங்கள். கேமரா வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானாகவே மாற்றிவிடும். மெரூன் பல நேரம் வெறும் சிவப்பாகத்தான் தெரியும். இன்னொன்று, வெவ்வேறு சாயம் ஏறிய இரண்டு பொருள்கள் கடை விளக்கில் ஒன்றுபோல இருந்துவிட்டு, வெயிலில் தனித்தனியாகத் தெரியலாம். அதனால் துண்டையும் பொருளையும் சேர்த்து வாசலுக்குக் கொண்டுவந்து ஒருமுறை அவசியம் பாருங்கள். விழா இரவில், மண்டபத்துக்குள் என்றால் வெயில் கணக்கு உதவாது. அந்த மண்டப விளக்கின் கீழ்தான் பார்க்க வேண்டும். எதிர்நிறம் தேடுபவர்களுக்கு இவ்வளவு மெனக்கெடல் தேவையில்லை.