பழைய காதல் நாவலைத் தூசி தட்டும்போது

போன மாதம் கோபியில் பெரியம்மா வீட்டுப் பரணிலிருந்து ஒரு பைண்டு புத்தகத்தை இறக்கினேன். வாரப் பத்திரிகையில் வந்த காதல் தொடர்கதை. பதினைந்து வயதில், முழுப்பரீட்சை லீவுக்கு அங்கே போயிருந்தபோது அழுது அழுது படித்தது. இந்த முறை ஒன்பதாவது அத்தியாயத்திலேயே மூடி வைக்கத் தோன்றியது. நாயகன் அவளை அறைகிறான். அடுத்த வாரமே அவளுக்கு அவன்மேல் காதல் வந்துவிடுகிறது.

ஏமாற்றத்தில் பாதி நாவலின் குற்றம். மீதி, நான் படித்த விதம்.

முதலாவது, ஒரே மூச்சில் படித்தது. ஏழு நாள் காத்திருப்பவர்களுக்காகக் கட்டிய கதை அது. ஒவ்வொரு அத்தியாயமும் கதவு தட்டும் சத்தத்திலோ, கையிலிருந்து டம்ளர் நழுவுவதிலோ முடியும். அதையெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விழுங்கினால், பத்தாவது டம்ளர் விழும்போது சிரிப்புதான் வரும். தினம் இரண்டு அத்தியாயம் போதும். பின்பக்கத்துத் துணுக்கையும் தைல விளம்பரத்தையும் தாண்டிப் போகாதீர்கள். சில இடங்களில் கதையைவிட அவை நன்றாக இருக்கின்றன.

அப்புறம், கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு படிப்பது. ஒரு கடிதம் தவறிப்போனதால் இருவரும் நாலு வருஷம் பிரிந்திருக்கிறார்கள். 'ஒரு போன் போட்டால் தீர்ந்தது' என்று எரிச்சல் வருகிறது. டிரங்க் கால் பதிந்துவிட்டு மணிக்கணக்காகக் காத்திருந்த காலம் அது. தந்தி நின்றதே 2013 ஜூலையில்தான். இதை நாவலின் கணக்கில் எழுதக்கூடாது.

கடையில் வாங்குபவர்கள் அட்டையைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. ஈரோடு புத்தகத் திருவிழாவில் பளபளப்பான அட்டையோடு இருக்கும் நாவல் நாற்பது வருஷத்துக்கு முந்தையதாக இருக்கலாம். உள்ளே 'முதல் பதிப்பு' என்ற வரியைப் பாருங்கள். தொடராக வந்த கதை என்றால் அதற்கும் முன்பே எழுதியது.

சரி, நாயகன் விட்ட அந்த அறைக்கு வருவோம். 'அந்தக் காலம் அப்படித்தான்' என்று விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' வெளிவந்தது 1942இல். நம் கொங்குப் பேச்சிலேயே எழுதிய நாவல். புருஷனை இழந்த ஒருத்தி, ஊர் என்ன பேசினாலும் இன்னொருவனோடு பழகுகிறாள். கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தரும் சட்டத்திருத்தமே 1989இல்தான் வந்தது. ஆக, அத்தனை பழைய நாவலில் ஒருத்தி எதிர்த்து நிற்க முடியும்போது, அதற்குப் பல வருஷம் கழித்து வந்த கதையில் அடி வாங்கியவள் காதலிப்பதற்குக் காலத்தைச் சாக்குச் சொல்ல முடியாது. அது எழுதியவரின் சோம்பல். காதல் வருவதற்கு ஒரு காரணம் வேண்டும், அதை யோசிக்கப் பொறுமை இல்லை, ஓர் அறையைப் போட்டுவிட்டார்.

கடைசியாக, நான் அன்று மாலையே செய்த தவறு. புத்தகத்தைத் தைத்து வைத்திருந்தவரிடமே போய்த் தீர்ப்புச் சொன்னேன். "எப்படிங்க பெரிம்மா இவனப் போயி உங்களுக்குப் புடிச்சுது?"

பெரியம்மா அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அவன ஆரு அம்மிணி பாத்தா? அந்தப் புள்ள டிபன் டப்பாவத் தூக்கிக்கிட்டு பஸ்ஸேறி வேலைக்குப் போகுதல்லோ, அதுக்கோசரந்தான் வாராவாரம் படிச்சேன். வேலைய உட்டுட்டுக் கண்ணாலம் கட்டிக்கற கடேசி வாரத்த நான் சேத்தித் தைக்கவே இல்லியே, பாக்கலியா?"

ஓடிப்போய்ப் புரட்டினேன். கல்யாணத்தை நானாகவே பதினைந்து வயதில் முடித்து வைத்திருக்கிறேன். பைண்டில் இருக்கும் கடைசிப் பக்கத்தில் அவள் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறாள்.